கருத்தரிக்கும் நாட்களை வீட்டிலேயே கண்டறிவது எப்படி? செயலி காட்டும் 14ஆம் நாளை நம்பலாமா?

வெள்ளவத்தைத் தென்றல்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அதில் கடந்த பதினொரு மாதங்களாகப் பிள்ளைக்காக முயன்று வருகிறோம். மாமியோடு ஒரே தொடர்மாடி வீட்டில் இருப்பதால், மாதம் ஒருமுறையாவது ஜாடையாக ஒரு கேள்வி வந்துவிடும். அதைப் பற்றி எழுத இங்கே வரவில்லை. என் கணக்கில் எங்கேயோ பிழை இருக்கிறது என்ற சந்தேகத்தில்தான் எழுதுகிறேன்.

என் தொலைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளில் அது ஒரு பூப்படத்தைக் காட்டும். நாங்களும் 12ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை முயன்றுவிட்டு, அதன் பிறகு அந்த மாதத்து வேலை முடிந்தது என்று இருந்துவிடுவோம். சென்ற வாரம் பழைய நாட்காட்டிகளை எடுத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான், என் மாதவிடாய்ச் சுற்று ஒருமுறைகூட 28 நாட்களில் முடியவில்லை என்பது தெரிந்தது. கடந்த எட்டுச் சுற்றுகளில் மிகக் குறைந்தது 32 நாட்கள். மிகக் கூடியது 35. செயலியில் தொடக்கத்திலேயே இருந்த 28 என்ற எண்ணை நான் மாற்றாமல் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் "தள்ளிப் போயிருக்கிறது" என்று அது சொன்னதை நம்பி, இரண்டு முறை கர்ப்பப் பரிசோதனை அட்டையும் வாங்கி ஏமாந்தேன்.

கருமுட்டை வெளியேறும் நாளை வீட்டிலேயே அறிய என்ன வழிகள் உள்ளன, அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கணக்குக் கொப்பி (தெஹிவளை):

தங்கச்சி, உங்கள் சந்தேகம் சரியானதே. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள்; இரண்டாவது பிள்ளைக்காக நான்கு வருடங்கள் காத்திருந்தவளும்கூட. அதனால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

14 என்ற எண் முன்னோக்கி எண்ணுவதற்கு உரியதன்று. பின்னோக்கி எண்ணுவதற்கு உரியது. ஜப்பானில் ஒகினோ என்ற மருத்துவரும், ஒஸ்திரியாவில் க்னாவுஸ் என்ற மருத்துவரும் 1920களில் தனித்தனியாக ஆராய்ந்து கண்டது இதைத்தான்: அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமைகளுக்கு முன்னர் முட்டை வெளியேறுகிறது. 28 நாள் சுற்றுள்ள ஒருவருக்கு முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் 14தான் வரும் என்பதால், எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பதையே உலகம் மறந்துவிட்டது. முட்டை வெளியேறிய பிறகு வரும் காலம் பெரும்பாலானோருக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு நாட்கள் வரை ஓரளவு நிலையாக இருக்கும். நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்திய காலமே. ஆகவே உங்கள் 34 நாள் சுற்றில் முட்டை ஏறத்தாழ 20ஆம் நாளில் வெளியேறியிருக்கும். நீங்கள் கடையைப் பூட்டிய மறுநாளிலிருந்துதான் வியாபாரமே தொடங்கியிருக்கிறது.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரம் வரையே உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாட்கள் வரை காத்திருக்கக் கூடியது. 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களை நாள்தோறும் கவனித்து வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாகிய ஆறு நாட்களில் மட்டுமே கரு உண்டாகியிருந்தது. மறுநாள் முயன்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே நாம் தேடுவது முட்டை வெளியேறும் நாளை என்பதைவிட, அதற்கு முந்திய நாட்களை என்பதே சரி. கீழே யார் எந்த முறையைச் சொன்னாலும், அது முட்டை வெளியேறுமுன் சொல்கிறதா, வெளியேறிய பின் சொல்கிறதா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

மருதானைப் பயணி:

எனக்கு இரண்டு பிள்ளைகளும் 14ஆம் நாள் கணக்கிலேயே கிடைத்தார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள். இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது. மனம் அமைதியாக இருந்தால் எல்லாம் தானாக நடக்கும்.

கணக்குக் கொப்பி:

உங்களுக்கு அது பொருந்தியதில் மகிழ்ச்சி, அக்கா. ஆனால் அதே ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சுற்றின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் கருத்தரிக்கும் நாட்கள் முழுமையாக அடங்கியவர்கள் ஏறத்தாழ 30 வீதத்தினர் மட்டுமே. மற்ற எழுபது பேரிடம் "மனதை அமைதியாக வைத்திரு" என்று சொல்வது, பிழையான பஸ் தரிப்பிடத்தில் நிற்பவரிடம் பொறுமையாக இரு என்று சொல்வதைப் போன்றது.

பாமசி மேசை (கொட்டாஞ்சேனை):

நான் பதினைந்து வருடங்களாக மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். சிறுநீரில் தோய்க்கும் ஓவியுலேஷன் அட்டையைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். அதனால் பாவிக்கும் முறையை விளக்க இடமே கிடைப்பதில்லை. இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த அட்டை எல்.எச். என்ற ஓமோனைக் கண்டறிகிறது. மூளையின் அடியில் உள்ள கபச் சுரப்பி இதைத் திடீரென்று பெருமளவில் சுரந்த பிறகு, ஒன்று அல்லது ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியேறும். ஆகவே இது முன்கூட்டியே சொல்லும் முறை. ஆயினும் ஏறத்தாழ ஒரு நாளுக்கு முன்னர்தான் சொல்லும். அட்டையில் இரண்டு கோடுகள் இருக்கும். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அதற்குப் பொருள் உண்டு. இங்கே அப்படியில்லை. எல்.எச். எல்லா நாட்களிலும் சிறிதளவு இருப்பதால் மங்கலான கோடு பல நாட்கள் தெரியும். பரிசோதனைக் கோடு, ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கு அல்லது அதைவிடக் கடுமையாகத் தெரிந்தால்தான் ஆம் என்று கொள்ள வேண்டும். மங்கலான கோட்டைப் பார்த்துவிட்டு மகிழ்ந்து அட்டைகளை எறிந்துவிட்டவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

எப்போது தொடங்குவது என்றால், உங்கள் மிகக் குறுகிய சுற்றிலிருந்து 17ஐக் கழியுங்கள். 32இலிருந்து 17 போனால் 15. எனவே 15ஆம் நாளிலிருந்து தோய்க்கத் தொடங்குங்கள். காலையில் எழுந்தவுடன் கழிக்கும் சிறுநீரைவிட, காலை பத்து மணிக்குப் பிந்தியது பொருத்தமானது, ஏனெனில் அந்த ஓமோன் பெரும்பாலும் விடியற்காலையில் உயரத் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே சிறுநீரில் வெளிப்படுகிறது. தோய்ப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரையும் தேநீரையும் குறைத்துக் கொள்ளுங்கள். சிலருக்கு அந்த உயர்வு அரை நாளில் வந்து போய்விடும். அப்படிப்பட்டவர்கள் பகலில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத் தோய்க்க வேண்டும். நம் கொழும்புக் காற்றின் ஈரப்பதத்தையும் மறக்க வேண்டாம். உறையைப் பிரித்தால் உடனே பாவியுங்கள். பிரித்து வைத்து மறுநாள் எடுத்த அட்டையை நம்ப முடியாது. குளியலறைத் தட்டு அதை வைப்பதற்கு ஏற்ற இடமன்று.

டொக்டரின் ஆலோசனைப்படி முட்டை வளர்வதற்கான மாத்திரை எடுப்பவர்கள், கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாட்களாவது விட்டே தோய்க்க வேண்டும். முட்டையை வெளியேற்றுவதற்கான ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, அந்த ஊசி மருந்தே கோட்டைக் கடுமையாக்கிக் காட்டிவிடக் கூடும்.

ஸஹர் நேரம் (தெமட்டகொடை):

அஸ்ஸலாமு அலைக்கும். நான் வெப்பமானி முறையை ஒரு வருடம் கடைப்பிடித்தவள். முட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரொஜெஸ்தரோன் ஓமோன் உடலின் ஓய்வு நிலை வெப்பத்தை 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயர்த்திவிடும். அந்தச் சிறிய உயர்வைக் காண, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் காட்டும் வெப்பமானி தேவை. காய்ச்சலுக்குப் பாவிக்கும் சாதாரண வெப்பமானியில் அது பிடிபடுவது கடினம். கண் விழித்தவுடன், எழுந்து உட்காரும் முன், யாரோடும் பேசும் முன், நாக்கின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் என் கணவர் அன்பாகக் கொண்டுவந்து தந்த பிளேன்டீயை இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பார்த்தேன். அன்றைய புள்ளி வரைபடத்தில் தென்னைமரம் போல் தனியாக நின்றது.

முந்திய ஆறு நாட்களின் அளவுகள் எல்லாவற்றையும்விட உயர்ந்த அளவு தொடர்ச்சியாக மூன்று நாட்கள் இருந்தால், முட்டை வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். எனக்கு 36.3க்கும் 36.4க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது ஒருநாள் 36.68 ஆகி, அப்படியே நின்றது. ஆனால் கணக்குக் கொப்பி கேட்கச் சொன்ன கேள்வியை இங்கே கேட்டால், விடை ஏமாற்றமாகத்தான் இருக்கும். வெப்பம் உயர்ந்ததைக் கண்டு அன்றிரவு முயல்வதில் பயனில்லை, வண்டி போய்விட்டது. மூன்று நான்கு சுற்றுகளின் வரைபடங்களை அருகருகே வைத்து, அடுத்த சுற்றை ஊகிப்பதற்கே இது உதவும்.

றமழான் மாதத்தில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. மற்ற நாட்களில் ஐந்தரைக்குப் பார்ப்பவள், நோன்புக்கு முந்திய ஸஹர் உணவுக்காக நான்கு மணிக்கே எழுந்ததால் அளவுகள் கீழிறங்கிக் குழம்பிவிட்டன. அந்த மாதத்தைத் தனி வரைபடமாகப் பிரித்து, தினமும் நான்கு மணிக்கே பார்க்கத் தொடங்கிய பிறகு சீரானது. குறைந்தது மூன்று மணி நேரத் தொடர்ச்சியான தூக்கம் இருக்க வேண்டும் என்பதால், இரவு வேலைக்குச் செல்லும் தாதியருக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் இம்முறை அவ்வளவாக ஒத்துவராது. காய்ச்சல் வந்தால் அந்த நாட்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

நீர்கொழும்பு வீதி (வத்தளை):

இரத்தப் பரிசோதனை பற்றி யாரும் எழுதாததால் என் கதையைச் சொல்கிறேன். என் சுற்று எப்போதும் 35 நாட்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் என்னை 21ஆம் நாளில் வரச் சொல்லிப் புரொஜெஸ்தரோன் அளவைப் பார்த்தார்கள். குறைவாக இருந்தது. "உங்களுக்கு முட்டையே வெளியேறுவதில்லை" என்று சொல்லி மாத்திரைச் சீட்டை எழுதித் தந்துவிட்டார்கள். வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பிறகு வேறொரு டொக்டரிடம் சனல் செய்து (முன்பதிவு செய்து) போனபோது, அவர் என் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "35 நாள் சுற்றுக்கு 21ஆம் நாளில் ஏன் பார்த்தார்கள்?" என்பதே. அந்தப் பரிசோதனை அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாட்களுக்கு முன் செய்யப்பட வேண்டியது. 28 நாள் சுற்றுக்கு அது 21ஆம் நாள். எனக்கு 28ஆம் நாள். 28இல் மீண்டும் பார்த்தபோது அளவு முறையாகவே இருந்தது. கணக்குக் கொப்பி மேலே சொன்ன அதே முன்பின் பிழை ஆய்வுகூடம் வரைக்கும் போயிருந்தது, அவ்வளவுதான்.

என் தங்கைக்கு பி.சி.ஓ.எஸ். என்ற ஓமோன் கோளாறு உண்டு. அவளுக்கு மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். அவளுடைய எல்.எச். அளவு எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால், அட்டையில் பத்து நாட்களுக்கும் கடுமையான கோடு தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் அட்டைக்குச் செலவழிப்பதைவிட, ஸ்கானில் முட்டைப்பை வளர்வதைப் பார்ப்பதே நல்லது.

அரை நாள் லீவு (நுகேகொடை):

இது பெண்கள் எழுதும் இழையாக இருந்தாலும், ஒரு கணவனாகச் சில வரிகள் எழுத அனுமதியுங்கள். என் மனைவி அட்டையில் கோடு கடுமையாகத் தெரிந்தவுடன் அதன் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரத்தில் அந்தப் படம் வரும். நான்கு மாதங்கள் கழித்து, அந்தப் படத்தைக் கண்டாலே எனக்கு வயிறு இறுகத் தொடங்கியது. வீட்டுக்குப் போவதே ஒரு பரீட்சை மண்டபத்துக்குப் போவது போலாயிற்று. இதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது. கடைசியில் டொக்டர் சொன்ன வழி எளிமையானது: ஒரு நாளைக் குறிபார்க்காமல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாதம் முழுவதும் இயல்பாகச் சேர்ந்திருந்தால் அந்த ஆறு நாட்கள் தானாகவே அகப்பட்டுவிடும். இப்போது என் மனைவி அட்டையைப் பார்க்கிறார், படம் அனுப்புவதில்லை.

மற்றொன்று. வெள்ளவத்தைத் தென்றல் தன் சுற்றை எட்டு மாதங்கள் பின்னோக்கி ஆராய்ந்திருக்கிறார். அவருடைய கணவர் என்ன ஆராய்ந்தார் என்று எழுதவில்லை. விந்துப் பரிசோதனை, விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி விட்டுச் செய்யும் ஒரு எளிய பரிசோதனை. நான் அதை ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். குறை என் பக்கம் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் என் மனைவி வாங்கிய அட்டைகளை எண்ணிப் பார்க்க இப்போதும் மனம் வருவதில்லை.

வெள்ளவத்தைத் தென்றல்:

அண்ணா, உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லாமல் எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து, "எங்கே செய்வது என்று கேட்டுச் சொல்லு" என்றார்.

எனக்கு இன்னொரு சந்தேகம். வெள்ளைப்படுதலைக் கவனித்தே நாளை அறியலாம் என்கிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே சொல்லும் வழி அதுதான் என்றால் விளக்குங்கள்.

கணக்குக் கொப்பி:

சங்கடப்பட ஒன்றுமில்லை. செலவே இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு சொல்வது அதுதான். 1950களில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதியர் ஒழுங்குபடுத்திய முறை இது. மாதவிடாய் முடிந்தபின் சில நாட்கள் வறட்சியாக இருக்கும். பிறகு பசை போலவும், அடுத்துப் பாலாடை போலவும் கசிவு தோன்றும். முட்டை முதிர முதிர ஈஸ்திரஜன் என்ற ஓமோன் உயர்ந்து, அந்தக் கசிவு பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிவாகவும் வழுக்கலாகவும் மாறும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் எடுத்து விரித்தால் அறுபடாமல் நூலாக நீளும். விந்தணு நீந்திச் செல்லவும் காத்திருக்கவும் ஏற்றது அந்த நிலையே. முட்டை வெளியேறியதும் ஓரிரு நாட்களில் மீண்டும் தடித்து வற்றிவிடும். வழுக்கல் தொடங்கிய நாளே உங்கள் தொடக்க நாள். அட்டை சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

சிறுநீர் கழிக்கும் முன் துடைத்துப் பார்ப்பதே வசதி. சேர்ந்திருந்த மறுநாள் விந்தின் ஈரம் குழப்பும் என்பதை நினைவில் வையுங்கள். அரிப்போ, கெட்ட வாடையோ, தயிர்த் திரளை போன்ற கசிவோ இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். அதைக் கொப்பியில் குறிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். சேரும்போது பாவிக்கும் சில வழுக்குப் பசைகள் விந்தணுவின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பதால் பாமசியில் கேட்டு வாங்குங்கள்.

இன்னும் செய்யவில்லை என்றால், உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதிந்துகொண்டு, போலிக் அமிலத்தைத் தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்குங்கள். ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஒரு வருடமும், கூடியவர்கள் ஆறு மாதமும் முயன்ற பிறகு டொக்டரைக் காண வேண்டும் என்பது பொது வழக்கம். உங்களுக்கு வருடம் நெருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பதினொரு மாதங்களில் சரியான நாட்களில் முயன்றது எத்தனை மாதம் என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருதானைப் பயணி:

நான் முன்னர் எழுதியது சற்று அவசரப்பட்டது. என் இளைய மகள் இந்த வருடம் திருமணம் செய்கிறாள்; இந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளோ உடனே பிள்ளை வேண்டாம் என்கிறாள். பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடவும் இதே கணக்கைப் பாவிக்கலாமா?

பாமசி மேசை:

இங்கே எழுதியுள்ள அளவில் பாவிக்க வேண்டாம், அக்கா. பிள்ளைக்காக முயல்பவர் ஒரு நாள் தவறவிட்டால் ஒரு மாதம்தான் போகும். தவிர்க்க விரும்புபவருக்கு அதே ஒரு நாள் போதும். மகளைக் குடும்பத்திட்டக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

வெள்ளவத்தைத் தென்றல் (மூன்று சுற்றுகளுக்குப் பிறகு):

பலர் தனிச்செய்தியில் விசாரித்ததால் எழுதுகிறேன். இன்னும் கர்ப்பம் தரிக்கவில்லை.

சதுரக் கோட்டுக் கொப்பியொன்றை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்து எழுதி வருகிறேன். முதல் சுற்றில் 16ஆம் நாளில் வழுக்கல் தொடங்கியது. 19ஆம் நாள் மாலை கோடு கடுமையானது. 21ஆம் நாள் வெப்பம் 36.41இலிருந்து 36.70ஆக உயர்ந்தது. அந்தச் சுற்று 34 நாட்கள். இரண்டாவதில் எல்லாம் இரண்டு நாட்கள் முந்தி வந்து, 32இல் முடிந்தது. பின்பகுதி இரண்டு முறையும் 14 நாட்கள். எண்ணிப் பார்த்தபோது, கணக்குக் கொப்பி அக்கா முதல் பதிவில் எழுதியதை என் கையாலேயே சரிபார்த்தது போல் இருந்தது. மூன்றாவது சுற்றில் எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்துவிட்டேன். கொப்பியில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

அவருடைய பரிசோதனை அறிக்கை வந்துவிட்டது. எண்ணிக்கையும் ஓட்டமும் முறையாக இருப்பதாகச் சொன்னார்கள். மாமி ஒருநாள் வெப்பமானியைக் கண்டுவிட்டுக் "காய்ச்சலா பிள்ளை?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அதன் பிறகு ஜாடைப் பேச்சு நின்றுவிட்டது. காலையில் தேநீரை ஆறு மணிக்குப் பிறகே கொண்டுவருகிறார்.

அடுத்த மாதம் காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்குப் போக இருக்கிறோம். கொப்பியை அப்படியே கொண்டுபோகலாமா?

நீர்கொழும்பு வீதி:

கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் முன்பக்கத்தில், கடந்த ஒரு வருட மாதவிடாய் தொடங்கிய திகதிகளையும், ஒவ்வொரு சுற்றும் எத்தனை நாள் என்பதையும் தனியே, பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நெரிசலான கிளினிக்கில் டொக்டருக்கு வரைபடத்தைப் படிக்க நேரம் இராது. புரொஜெஸ்தரோன் பார்க்க நாள் குறித்தால், எந்த நாளைக் குறிக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே எண்ணிப் பாருங்கள்.